பிள்ளைகளின் புள்ளியை யார் அழித்தது?

 

இது நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியை வைத்துக்கொண்டு வாசியுங்கள். இடையில் கொம்பியூட்டர் விசயம் கொஞ்சம் வரும். அதைத் தாண்டிப் போய்விட வேண்டாம், முழுக்கதையும் அதற்குள்தான் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தவணைப் பரீட்சையில் தரம் 10 பிள்ளைகள் 11 பேரின் கணிதப் புள்ளிகளை எவரும் அழிக்கவில்லை, எவரும் மாற்றவில்லை. அந்தப் பிள்ளைகளின் விடைத்தாளும் புள்ளித்தாளும் பத்திரமாக இருக்கின்றன. திருத்திய தேர்ச்சி அறிக்கைகள் வீடுகளுக்கு வந்துவிட்டன. ஆனாலும் கதை இன்னும் தெருவில் நடமாடுகிறது. தேர்ச்சி அறிக்கையைத் திருத்திய மாதிரிக் கதையையும் திருத்த வேண்டியிருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். எங்கள் பாடசாலையில் புள்ளிகளைப் பதிய ஒரு மென்பொருள் இருக்கிறது. மைக்ரோசொப்ட் அக்சஸில் செய்தது. அதன் தரவு முழுவதும் ஒரே ஒரு கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பு கணினி அறையில் உள்ள சேர்வரில் கிடக்கும். அலுவலகத்திலும் ஆசிரியர் ஓய்வறையிலும் இருக்கும் கணினிகளில் உட்கார்ந்து, நெட்வேர்க் வழியாக அதே கோப்பைத் திறந்துதான் எல்லோரும் புள்ளி போடுவார்கள். தவணை முடிகிற கிழமையில் நிலைமை உங்களுக்குத் தெரியும். பாடவேளை கிடைத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து உட்காருவார்கள்.

தேர்ச்சி அறிக்கை அச்சாகி வந்தபோது, ஒரு வகுப்பில் 11 பிள்ளைகளின் கணிதப் பாடத்துக்கு நேரே ‘சமுகமளிக்கவில்லை’ என்று இருந்தது. அதில் ஒரு பிள்ளை 78 எடுத்தவள். வீட்டில் விடைத்தாளைக் காட்டிச் சந்தோசப்பட்டவள். அவளுடைய வாப்பா அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் கோபமாக வரவில்லை, விளங்காமல் வந்தார். ஆனால் அவர் வீடு போய்ச் சேருமுன்பே வட்ஸ்அப் குழுக்களில் கதை வேறாகிவிட்டது.

“கணித ரீச்சர் எங்கட ஆள் இல்லையே.” இதுதான் கதை. இந்த ஐந்து சொல்லுக்குமேல் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. மிச்சத்தைக் கேட்கிறவர் தானே நிரப்பிக்கொள்வார்.

அந்த ரீச்சர் தமிழ் ஆசிரியர். தூரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறார். மாலை வகுப்புக்கு ஒரு சதமும் வாங்காதவர். அவர் தன் கையால் எழுதிக் கையொப்பமிட்ட புள்ளித்தாளை அன்றைக்கே அதிபரின் மேசையில் வைத்தார். 11 பிள்ளைகளின் புள்ளியும் அதில் இருந்தது. கணினியில் போட்டீர்களா என்று கேட்டபோது, போட்டேன், சேமித்தேன், திரையில் பார்த்தேன் என்றார். நாங்கள் நம்பினோம். ஆனால் நாங்கள் நம்புவது மட்டும் காணாது. புள்ளி ஏன் மறைந்தது என்று கண்டுபிடிக்காமல் அவர்மேல் விழுந்த கண்ணை எடுக்க முடியாது.

புள்ளித்தாளையும் கணினியையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். முதல் துப்பு அதிலேயே கிடைத்தது. மறைந்த புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மறையவில்லை. வகுப்பு இடாப்பில் 9ஆம் இலக்கத்திலிருந்து 19ஆம் இலக்கம் வரை, வரிசையாக, ஒரு கட்டியாக மறைந்திருந்தன. 8ஆம் பிள்ளைக்குப் புள்ளி இருக்கிறது, 20ஆம் பிள்ளைக்கும் இருக்கிறது. ஒருவர் வேண்டுமென்று அழித்தால் ஆளைப் பார்த்து அழிப்பார். இப்படி வரிசையாக, கெட்டிக்காரப் பிள்ளையையும் மெல்லக் கற்கும் பிள்ளையையும் ஒன்றாக, கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி அழிக்க மாட்டார்.

இதை விளங்கப் பழைய சேர்விடாப்பை நினைத்துப் பாருங்கள். தடித்த மட்டை போட்ட பெரிய புத்தகம். அதிபரின் அலுமாரிக்குள் இருக்கும், திறப்பு அவரிடம் இருக்கும். ஒருவர் அதில் எழுதிக்கொண்டிருந்தால் மற்றவர் பக்கத்தில் நிற்க வேண்டும். புத்தகம் ஒன்று, பேனை பிடிக்கிற கையும் ஒன்று. அங்கே தனியாகப் பூட்டு வேண்டியதில்லை. கடதாசியே பூட்டு.

கணினியில் அப்படியில்லை. ஒரே கோப்பை இரண்டு பேர் திறந்தால் இரண்டு திரையிலும் அது தெரியும். ஒவ்வொருவரும் தன் முன்னால் இருப்பதுதான் உண்மையான புத்தகம் என்று நினைப்பார். உண்மையில் இருவர் முன்னாலும் இருப்பது சற்று முன்னர் எடுத்த பிரதி.

அக்சஸ் தன் கோப்பை 4 கிலோபைட் அளவான பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கும். எங்கள் மென்பொருளில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, அந்த வரியில் எல்லாப் பாடமும். ஒரு வரிக்கு இடம் கொஞ்சம்தான் வேண்டும். ஆகவே ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த பிள்ளைகள் பலர் இருப்பார்கள். ஒரு பிள்ளையின் ஒரு புள்ளியைச் சேமித்தாலும், கணினி அந்தப் பக்கம் முழுவதையும் திருப்பி எழுதும்.

இப்போது காட்சி தெளிவாகிறது. ஓய்வறையில் விஞ்ஞான ஆசிரியர் கோப்பைத் திறக்கிறார். அவருடைய கணினி அந்தப் பக்கத்தை எடுத்து நினைவில் வைத்துக்கொள்கிறது. அப்போது கணித நிரல் வெறுமையாக இருக்கிறது. அடுத்த நிமிடம் அலுவலகக் கணினியில் கணித ரீச்சர் 11 பேருக்கும் புள்ளி போட்டுச் சேமிக்கிறார். அதற்குப் பிறகு விஞ்ஞான ஆசிரியர் ஒரு பிள்ளைக்கு விஞ்ஞானப் புள்ளி போட்டுச் சேமிக்கிறார். அவருடைய கணினி கையில் வைத்திருந்த பழைய பக்கத்தில் அந்த ஒன்றை மட்டும் சேர்த்து, முழுப் பக்கத்தையும் எழுதிவிடுகிறது. 11 பிள்ளைகளின் கணித நிரல் மறுபடி வெறுமையாகிவிட்டது. வெறுமையான இடத்தை மென்பொருள் ‘சமுகமளிக்கவில்லை’ என்று அச்சடித்தது. இரண்டு ஆசிரியர்களும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்.

அப்படியென்றால் நெட்வேர்க்கில் ஒரு கோப்பை இரண்டு பேர் திறக்கவே கூடாதா? திறக்கலாம். உலகம் முழுக்க அப்படித்தான் வேலை நடக்கிறது. அதற்குத்தான் கோப்புப் பூட்டு என்று ஒன்று இருக்கிறது. அக்சஸ் கோப்பை யாராவது திறந்தால், பக்கத்திலேயே எல்டிபி என்று முடியும் ஒரு குட்டிக் கோப்பு உண்டாகும். உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் அதில் 64 பைட் இடம்: முதல் 32இல் கணினியின் பெயர், அடுத்த 32இல் ஆளின் பெயர். வாசலில் வைத்த வருகைப் புத்தகம் மாதிரி. ஒருவர் ஒரு பதிவைத் திருத்தத் தொடங்கும்போது அவருடைய கணினி சேர்வரிடம் “இந்த இடத்தைப் பூட்டித் தா” என்று கேட்கும். சேர்வர் பூட்டித் தரும். அடுத்தவர் அதே இடத்தைக் கேட்டால் “பொறு, ஆள் இருக்கிறது” என்று சொல்லும். இவ்வளவுதான் ஏற்பாடு.

ஆகவே பூட்டைக் கேட்பது கணினி, கொடுப்பதும் மறுப்பதும் சேர்வர். எங்கள் சேர்வர் மறுத்ததா? அதைத்தான் அடுத்துப் பார்த்தோம்.

எங்கள் சேர்வரில் ஓடுவது லினக்ஸ். அதில் விண்டோஸ் கணினிகளோடு பேசுவதற்கு சம்பா என்ற மென்பொருள் இருக்கிறது. எங்கட ஊரில் சம்பா என்றால் சோறு. இது வேறு சம்பா. 1991 கடைசியில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் அன்ட்ரூ ட்ரிஜெல் என்ற ஆய்வு மாணவர் எழுதத் தொடங்கியது. எஸ்எம்பி என்பது விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பேசும் மொழியின் பெயர். அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லைத் தேடியபோது அவருக்குக் கிடைத்ததுதான் இந்தப் பெயர். இன்றைக்கு இலவசமாக எவரும் பாவிக்கலாம். காசு குறைந்த பாடசாலைக்கு இது பெரிய உதவி.

சம்பாவுக்கு ஒரு கடினமான வேலை இருக்கிறது. விண்டோஸில் பூட்டு என்றால் கட்டாயம். பூட்டிய இடத்தில் இன்னொருவர் கை வைக்க முடியாது. லினக்ஸில் வழமையாகப் பூட்டு என்பது ஒரு மரியாதை. கேட்டு நடக்கிறவர் நடப்பார், கேளாமல் எழுதுகிறவர் எழுதிவிடுவார். இந்த இரண்டு பழக்கத்துக்கும் நடுவில் நின்று, யார் எந்தக் கோப்பைத் திறந்தார், எந்த இடத்தைப் பூட்டினார் என்று தனக்கென்று ஒரு பதிவேட்டை சம்பா வைத்துக்கொள்ள வேண்டும். எஸ்எம்பி ஸ்டேட்டஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால் அந்தப் பதிவேட்டைக் காட்டும்.

ஒரு பின்நேரம், பிள்ளைகள் போன பிறகு, மென்பொருளின் ஒரு பிரதியை எடுத்து இரண்டு கணினிகளில் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கட்டளையைக் கொடுத்தோம். பூட்டிய கோப்பு எதுவும் இல்லை என்று பதில் வந்தது. இரண்டு பேர் உள்ளே உட்கார்ந்திருக்கிறோம், வாசல்காரர் வீட்டில் ஒருவரும் இல்லை என்கிறார்!

பிறகு சம்பாவின் அமைப்புக் கோப்பைத் திறந்து வரி வரியாக வாசித்தோம். காரணம் மூன்று வரியில் இருந்தது.

ஒன்று, ‘லொக்கிங் = நோ’. இதன் பொருளைக் கவனியுங்கள். இதைப் போட்டால் சேர்வர் பூட்டுத் தர மறுக்காது. கேட்கிற எல்லோருக்கும் “சரி, பூட்டியாச்சு” என்று சொல்லும், ஆனால் ஒன்றையும் பூட்டாது. 

இரண்டு, ‘ஷெயார் மோட்ஸ் = நோ’. கோப்பைத் திறக்கும்போதே “நான் இருக்கும் வரை வேறு எவரும் எழுதக் கூடாது” என்று ஒரு நிபந்தனை போடலாம். இந்த வரி இருந்தால் சேர்வர் அந்த நிபந்தனையைக் காதில் வாங்காது.

மூன்று, ‘ஃபேக் ஒப்லொக்ஸ் = யெஸ்’. ஒப்லொக் என்பது வேகத்துக்காகச் செய்த நல்ல ஏற்பாடு. ஒரு கோப்பில் ஒருவர் மட்டும் இருந்தால் சேர்வர் அவருக்கு ஒரு வாக்குக் கொடுக்கும்: “இப்போது நீர் மட்டும்தான். ஒவ்வொரு எழுத்துக்கும் என்னிடம் ஓடி வர வேண்டாம், உம்மிடமே வைத்து எழுதும்.” இன்னொருவர் வந்தவுடன் முதலாமவரைக் கூப்பிட்டு “எழுதியதைக் கொண்டு வாரும்” என்று வாங்கிக்கொண்டுதான் இரண்டாமவரை உள்ளே விடும். ஃபேக் என்றால் போலி. போலி ஒப்லொக்கில் அந்த வாக்கை வருகிற எல்லோருக்கும் கொடுக்கும். ஒரே வீட்டை ஒரே மாதத்துக்கு இரண்டு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுத்து, இரண்டு பேரிடமும் திறப்பைத் தந்து, “நீங்கள் மட்டும்தான்” என்று சொன்ன மாதிரி. பழைய பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதுதான் புதியது என்று விஞ்ஞான ஆசிரியரின் கணினி நம்பியது இதனால்தான்.

அப்படியென்றால் இதைப் போட்டவரில் பிழையா என்று கேட்பீர்கள். இல்லை. இந்தச் சேர்வர் முதலில் வந்தது கடந்தகால வினாத்தாள்களையும் பாட வீடியோக்களையும் கணினி அறையில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு. வாசிக்க மட்டும், எழுத ஒருவருமில்லை. அந்த வேலைக்குப் பூட்டுத் தேவையில்லை, போலி ஒப்லொக் வேகத்தைத் தரும். பிறகு பாடசாலையின் வேலை வளர்ந்தது, புள்ளிக் கோப்பும் அதே இடத்துக்கு வந்தது. வாசிகசாலைக்கு வைத்த சட்டத்தில் கச்சேரி நடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

திருத்தம் பெரிய வேலை இல்லை. அலுவலகக் கோப்புகளுக்குத் தனியாக ஒரு பகிர்வு செய்தோம். அந்த மூன்று வரியையும் எடுத்தோம். எடுத்தாலே சம்பா தன் வழமையான, பூட்டுகிற நிலைக்கு வந்துவிடும். அந்தப் பகிர்வுக்கு மட்டும் ‘ஒப்லொக்ஸ் = நோ’, ‘லெவல்2 ஒப்லொக்ஸ் = நோ’ என்று இரண்டு வரி சேர்த்தோம். பலர் ஒரே நேரத்தில் எழுதும் தரவுக் கோப்புக்கு உண்மையான ஒப்லொக்கும் வேண்டாம் என்பதற்காக. டெஸ்ட்பார்ம் என்ற கட்டளையால் எழுத்துப் பிழை இல்லை என்று சரிபார்த்து, சேவையை மீளத் தொடங்கினோம்.

பிறகு அதே சோதனை. இரண்டு கணினி, பிரதிக் கோப்பு, ஒரே பிள்ளையின் பதிவு. முதலாமவர் திருத்தத் தொடங்கினார். இரண்டாமவர் எழுத்தை வைத்தவுடன், இந்தப் பதிவை இன்ன கணினியில் இன்னார் பூட்டியிருக்கிறார் என்று திரையில் வந்தது. சேர்வரின் பதிவேட்டிலும் இரண்டு பேரும் தெரிந்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம். வேலை தடைப்பட்டதற்குக் கைதட்டிய ஆட்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

ஒரு நட்டம் இருக்கிறது. மென்பொருள் முன்னரைவிட மெதுவாகத்தான் திறக்கிறது. தவணை முடிவில் சில நேரம் ஒருவர் மற்றவருக்காக அரை நிமிடம் பொறுக்க வேண்டும். பொறுப்போம். புத்தகத்துக்குப் பக்கத்தில் நின்று பொறுத்த தலைமுறையின் பிள்ளைகள்தானே நாங்கள்.

இனி கொம்பியூட்டரை விட்டுவிட்டு ஊர்க்கதைக்கு வருவோம்.

ஒரு பெயர், ஒரு இலக்கம், ஒரு வரி. இது எங்களுக்குச் சின்ன விசயமில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு வெளியேறக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். எதை எடுப்பது, எதை விடுவது? உறுதியும் பிறப்புச் சான்றிதழும் அலுமாரியிலேயே கிடக்க, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர். புத்தளத்து முகாம்களில் வருடக்கணக்காக இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, “நீங்கள் இங்கே இருந்தீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?” என்று கேட்டார்கள். வாக்காளர் இடாப்பு, மீள்குடியேற்றப் பட்டியல், வீட்டுத்திட்டப் பட்டியல் என்று எங்கே போனாலும் முதல் கேள்வி பெயர் இருக்கிறதா என்பதுதான். பாடசாலை விடுகைப் பத்திரம் ஒன்றுக்காகப் பேரப்பிள்ளையோடு வந்து நின்றவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அதனால் பட்டியலில் ஒரு வரி காணாமல் போனால் எங்களுக்கு நெஞ்சு பதறும். பெற்றோர் பதறியதில் பிழையே இல்லை.

ஆனால் 1990இல் எங்களுக்கு நடந்ததில் இன்னொரு பாதியும் இருக்கிறது. அன்றைக்கு எங்களில் எவர் என்ன செய்தார் என்று விசாரித்து எங்களை அனுப்பவில்லை. இன்ன சமூகம் என்பது போதுமாக இருந்தது. சோனகத் தெருவில் கடை வைத்திருந்தவரும், நேற்றுப் பிறந்த பிள்ளையும், கண் தெரியாத மூத்தம்மாவும் ஒரே பட்டியலில் சேர்ந்தார்கள். “எங்கட ஆள் இல்லையே” என்ற சொல் எவ்வளவு தூரம் போகும் என்று இந்தக் குடாநாட்டில் எங்களைவிடத் தெரிந்தவர் யார்? அந்தச் சொல்லை நாங்களே எங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வந்த ஒருவர்மேல் எறியலாமா? செய்தி ஒன்று வந்தால் விசாரித்துப் பார் என்று சொல்கிற மார்க்கத்தில் இருந்துகொண்டு?

ஊரில் கூட்டுறவுச் சங்கம், பள்ளிவாசல் கணக்கு, மருந்துக்கடை, சனசமூக நிலையம் என்று பல இடங்களில் இப்போது ஒரே கோப்பைப் பலர் பாவிக்கிறார்கள். அவர்களுக்காகச் சில விசயம்.

உங்கள் இடத்தில் பூட்டு வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கோப்பின் பிரதி ஒன்றை இரண்டு கணினியில் திறந்து, ஒரே வரியை இருவரும் திருத்துங்கள். இரண்டு பேருக்கும் ஒரு சத்தமும் இல்லாமல் சேமித்தால் நல்ல சகுனமில்லை.

அக்சஸ் கோப்பை வைஃபையில் திறக்க வேண்டாம். நடுவில் தொடர்பு அறுந்தால் கோப்பே பழுதாகலாம். வயர் நல்லது.

சேர்வருக்கு யூபிஎஸ் கட்டாயம். 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் போய் வந்த பிறகு அந்த எல்டிபிக் கோப்பு எஞ்சிக் கிடந்தால், எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள் என்று தெரியாமல் அதை அழிக்க வேண்டாம்.

பென்ட்ரைவில் கோப்பைக் கொண்டுபோய் வீட்டில் திருத்தி, திருப்பிக் கொண்டுவந்து மேலே போட வேண்டாம். எந்தச் சேர்வரின் பூட்டும் பென்ட்ரைவோடு வீட்டுக்கு வராது.

பூட்டு என்பது பிரதி அல்ல. பூட்டு ஒருவர் எழுத்தை மற்றவர் எழுத்திலிருந்து காக்கும், தீயிலிருந்து காக்காது. 1981 ஜூன் 1இல் எங்கள் நூலகம் எரிந்த நகரத்தில் இதை விளக்கத் தேவையில்லை. நாங்கள் பாடசாலை முடிந்து எல்லோரும் வெளியேறிய பின், பதிவேட்டில் ஒருவரும் இல்லை என்று பார்த்துத் திகதி போட்டு ஒரு பிரதி எடுக்கிறோம். அது வேறு கட்டடத்தில் இருக்கும்.

கையெழுத்துப் புள்ளித்தாளை எறிய வேண்டாம். இந்த முறை ஒரு ஆசிரியரின் மானத்தைக் காப்பாற்றியது அந்தக் கடதாசிதான்.

கணித ரீச்சர் இடமாற்றம் கேட்கப் போகிறார் என்று ஒரு கதையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேட்கவில்லை. அடுத்த நாளும் அதே பஸ்ஸில் வந்தார், முதல் பாடவேளைக்கு வகுப்பில் நின்றார். ஆனால் அவர் எங்களிடம் ஒன்று கேட்டார்: “சேர், கொம்பியூட்டர்தான் என்று நீங்கள் கண்டுபிடிச்சிருக்காவிட்டால்?” எங்களிடம் பதில் இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் மூன்று வரி அகப்படும் என்று எவரால் சொல்ல முடியும்? கண்டுபிடிக்க முடியாத நாளிலும் ஒரு மனுசரை அவர் செய்ததை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பழைய கதையை எத்தனை குழுவுக்கு அனுப்பினீர்களோ, அத்தனை குழுவுக்கும் இதையும் அனுப்பிவிடுங்கள். உங்கள் இடத்துச் சேர்வரைப் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமைகளில் காலையில் கணினி அறையில் இருப்போம், வாருங்கள். தேத்தண்ணி நாங்கள் தருகிறோம்.